கடலை டூ கல்வெட்டு!

ஒரே ஒரு டீயை வாங்கி, நாலு பேர் சுத்தி உட்கார்ந்து, நாற்பது நிமிஷம் ஓட்டுறீங்களே... அதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேர்னு யோசிச்சிருக்கீங்களா? 'சாட்' தெரியும். 'சிட்-சாட்' தெரியும். 'காசிப்' ரொம்ப நல்லாவே தெரியும். 'கான்ஃபேப்' தெரியுமா பாஸ்?

இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற பழக்கம் இருந்தா, இந்த வார்த்தை கண்ணில் பட்டிருக்கும். 'டாக்டர்கள் கான்ஃபேப் துவக்கம்', 'முதல்வர்கள் கான்ஃபேப்' என்றெல்லாம் தலைப்பு போடுவாங்க. மாநாடுதான் விஷயம். தலைப்பில் இடம் பத்தாது, அதனால ஒரு குட்டி வார்த்தை. ஆனா டிக்‌ஷனரியைப் புரட்டினா, 'சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருத்தல்' என்று போட்டிருக்கும். அட, மாநாடா, அரட்டையா? ரெண்டும்தான்!

இது 'கான்ஃபேபுலேஷன்' என்ற நீளமான வார்த்தையோட செல்லப் பெயர். லத்தீன்ல 'கான்' என்றால் கூட, சேர்ந்து. 'ஃபேபுலா' என்றால் கதை. ஈசாப் ஃபேபிள்னு சின்ன வயசுல படிச்சோமே, அந்த ஃபேபிள். ஆக, கான்ஃபேப் என்றால் கூடி உட்கார்ந்து கதை பேசுறது. நம்ம பாட்டி பாஷையில 'என்னடா அங்க கதை அளக்குறீங்க?'

வெட்டிக்கதைக்கும் பெரிய மாநாட்டுக்கும் எப்படி ஒரே வார்த்தை? இதுக்கு விடை டிக்‌ஷனரியில் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்துல இருக்கு. கிளம்புங்க, உத்திரமேரூருக்கு!

பேச்சு பஸ்

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காஞ்சிபுரத்திலிருந்தோ, செங்கல்பட்டிலிருந்தோ போனா சுமார் 30. காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்தீங்கன்னா பாலாறு, செய்யாறு ரெண்டையும் தாண்டணும். மழை சமயம் தவிர மத்த நாள்ல தண்ணியை விட மணல்தான் அதிகம் தெரியும். அதுக்கப்புறம் வயல், ஏரிக்கரை, பனைமரம், மறுபடி வயல். செங்கல்பட்டு மாவட்டம் 2019-ல் தனியாப் பிரிஞ்சு போன பிறகும் உத்திரமேரூர் தாலுகா காஞ்சிபுரத்தோடவே இருக்கு.

இந்த ரூட்டுல போறப்போ ஹெட்போனைக் கழற்றி வெச்சுடுங்க. பஸ்ஸே ஒரு கான்ஃபேப்தான். ஏரியில எவ்வளவு தண்ணி நிக்குது, நெல்லு என்ன விலை போகுது, யார் வீட்டுல கல்யாணம், எந்த மாப்பிள்ளை எந்த கம்பெனி வேன்ல வேலைக்குப் போறான்... எல்லாம் ஓசியில கிடைக்கும்.

இதுக்கெல்லாம் தமிழ்ல எத்தனை வார்த்தை வெச்சிருக்கோம் பாருங்க. நாலு பேர் சத்தமாப் பேசினா அரட்டை. பெரியவங்க வாசல்ல உட்கார்ந்து பேசினா திண்ணைப் பேச்சு. இல்லாதவங்களைப் பத்திப் பேசினா பொறணி. கேட்கிறவன் கண் சொருகிற வரைக்கும் பேசினா மொக்கை. பையனும் பொண்ணும் பேசினா மட்டும் கடலை! எந்தப் பேச்சு, யாரோட, எவ்வளவு நேரம் என்பதுக்கெல்லாம் தனித்தனி லேபிள். இந்த விஷயத்துல இங்கிலீஷ் நம்மகிட்ட டியூஷன் வரணும்.

அரட்டைக்கு மவுசு வேற குறையவே இல்லை. சன் டிவியில விசுவோட 'அரட்டை அரங்கம்' ஞாயித்துக்கிழமை வீடுகளைக் கட்டிப்போட்டது. யாஹூ சாட் ரூம்கள் 2012-லயும், ஆர்குட் 2014-லயும் கடையை மூடின. பேச்சு மட்டும் நிக்கல, வேற கடைக்குப் போயிடுச்சு. ஸோஹோ நிறுவனம் 2021-ல் மெசேஜ் ஆப் ஒன்று கொண்டு வந்தப்போ அதுக்கு வெச்ச பெயரே 'அரட்டை'.

சரி, உத்திரமேரூர்ல கடலை போட்டாங்களா? வாங்கிச் சாப்பிடுற வேர்க்கடலையைக் கேட்டா, சோழர் காலத்துல சான்ஸே இல்லை. அது தென்னமெரிக்காப் பயிர். போர்ச்சுகீசியர் காலத்துக்கு முன்னாடி இந்த மண்ணுக்கு அது தெரியாது. ஆனா பேச்சு? அது இங்கே 1,100 வருஷமா கல்லுலயே இருக்கு.

சுவர் முழுக்க எழுத்து

உத்திரமேரூர்னதும் தஞ்சாவூர் மாதிரி வானத்தை முட்டும் கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் அடக்கமான கட்டடம். 'இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?' என்று கூட வந்த நண்பன் கேட்பான். அவனை அப்படியே கட்டடத்தைச் சுத்திக் கூட்டிக்கிட்டுப் போங்க. கல்லுல வரிவரியா எழுத்து. ஒரு நோட்டுப் புத்தகத்தை விரிச்சு நிமிர்த்தி வெச்ச மாதிரி.

ஊர்ச் சபை கூடிய மண்டபம் இதுதான். பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்துல, சுமார் கி.பி. 750 வாக்குல, பிராமணர்களுக்குத் தானமாக் கொடுக்கப்பட்ட ஊர் இது. அப்போ பெயர் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். அதே ஊர்ல இருக்கிற சுந்தரவரதராஜப் பெருமாள் கோயிலும் அந்தக் காலத்தோடதுதான். ஒண்ணு மேல ஒண்ணா மூணு தளத்துலயும் சந்நிதி இருக்கிற கோயில். அதையும் பார்க்காம வந்துடாதீங்க.

சபை மண்டபத்துல உள்ள கல்வெட்டுகள்ல ரெண்டுதான் சூப்பர் ஸ்டார். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டு, 14-ஆம் ஆட்சியாண்டு. அதாவது கி.பி. 919, 921. கல்வெட்டு ஆய்வாளர் வெங்கையா 1904-05 தொல்லியல் துறை அறிக்கையில இவற்றை விரிவா எழுதினார். பிறகு நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சி பற்றிய தன் ஆய்வில் எடுத்துக்கிட்டார். அன்னிலேர்ந்து நம்ம ஊர் ஹிஸ்டரி புத்தகத்துல 'குடவோலை முறை - ஐந்து மதிப்பெண்' என்று நிரந்தர இடம்!

குடத்துக்குள்ள யார் பேரு?

ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் பண்ணி மறந்த விஷயத்தை இங்கே நின்னு ஒருதரம் யோசிச்சுப் பாருங்க. சினிமா சீன் மாதிரி இருக்கும்.

ஊரை 30 குடும்புகளாப் பிரிச்சிருந்தாங்க. இன்னிக்கு வார்டுன்னு சொல்றோமே, அது. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பெயரை ஓலையில எழுதி, குடும்பு வாரியா கட்டிக் குடத்துல போடணும். சின்னவங்க, பெரியவங்க எல்லோரும் கூடியிருக்கணும். பெரியவர் ஒருத்தர் குடத்தை எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி தூக்கிக் காட்டணும். விவரம் அறியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுப்பான். வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையிலதான் வாங்கணும். மடக்குன கையில வேற ஓலை இருந்துடக் கூடாதே! அவர் சத்தமா வாசிக்கணும். அதுக்கப்புறம் அங்கிருக்கிற நம்பிமார் எல்லோரும் வாசிக்கணும்.

கவனிச்சீங்களா? எல்லாமே கண்ணால பார்க்கணும், காதால கேட்கணும்.

வந்த 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு நிர்வாகம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். இது போக பொன் வாரியம், பஞ்சவார வாரியம். பதவி 360 நாள்தான். ஏரிக்குன்னு தனிக் கமிட்டி போட்டது சும்மா இல்லை. வயிரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்ற பெரிய ஏரிதான் ஊருக்கே உயிர். பஸ்ஸுல ரெண்டு பெரியவங்க பேசிக்கிட்டு வந்த 'ஏரியில எவ்வளவு தண்ணி?' என்பதுதான் அன்னிக்கு மண்டபத்துலயும் மேட்டர்.

தகுதி இன்னும் சுவாரஸ்யம். சொந்த மனையில வீடு வேணும், வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல வேணும் (இன்னிக்குக் கணக்குல சுமார் ஒன்றரை ஏக்கர்), வேதம் படிச்சிருக்கணும், முந்தைய மூணு வருஷம் எந்த வாரியத்துலயும் இருந்திருக்கக் கூடாது. 919-ல் வயசு 30-லிருந்து 60-க்குள்ள. ரெண்டே வருஷத்துல அதை 35-லிருந்து 70-க்குள்ளன்னு மாத்திட்டாங்க. நடுவுல என்ன பஞ்சாயத்து நடந்துச்சோ!

எல்லாத்துக்கும் மேல ஒரு பன்ச். வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளயே போகாது. அவர் மட்டுமில்லை... அவரோட அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி, பெரியம்மா சித்தி பசங்க, அத்தை பசங்க, மாமா, மாமனார், மச்சான், மாப்பிள்ளை... யாருமே வர முடியாது. 'நான் இல்லேன்னா என் மச்சான்' என்கிற பாச்சாவுக்கு 1,100 வருஷம் முன்னாடியே செக்!

கதையா, நிஜமா?

இங்கே கொஞ்சம் பிரேக் போடணும் ஃப்ரெண்ட்ஸ். நம்ம 'கான்ஃபேப்' வார்த்தைக்கு இன்னொரு முகம் இருக்கு. மனநல மருத்துவத்துல 'கான்ஃபேபுலேஷன்' என்றால் வேற அர்த்தம். ஞாபகத்துல ஓட்டை விழுந்த இடத்தை மூளை தானாவே ஒரு கதையால அடைச்சுடும். சொல்றவர் பொய் சொல்லலை, நிஜம்னு நம்பியே சொல்றார். தயாமின் என்ற பி1 வைட்டமின் குறைபாட்டால் வரும் கோர்சகாஃப் நோயில் இது அடிக்கடி காணப்படும். ஏஐ சாட்பாட்கள் இல்லாத விஷயத்தை அடிச்சு விடுதே, அதைக்கூட இந்த வார்த்தையாலதான் சொல்லணும் என்கிறாங்க சில ஆய்வாளர்கள்.

ஒரு ஊருக்கும் இந்த வியாதி வரலாம். உத்திரமேரூர் பத்தி உங்க ஃபேமிலி குரூப்ல வந்த ஃபார்வேர்டை ஞாபகப்படுத்திப் பாருங்க. 'உலகின் முதல் ஜனநாயகம்! தமிழன் கண்டுபிடித்த தேர்தல்! மக்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள்!' படிக்கும்போது புல்லரிக்கும். ஆனா எதிர்ல நிக்கிற கல்லு அப்படிச் சொல்லலை.

அந்தச் சபையில நிலமில்லாதவருக்கு இடமில்லை. பெண்களுக்கு இல்லை. வேதம் படிக்க அனுமதி இல்லாத சாதிக்காரங்க யாருக்கும் இல்லை. நீங்களோ நானோ அந்த வயல்ல நாத்து நட்டிருக்கலாம், ஏரியில மண் வெட்டியிருக்கலாம். குடத்துக்குள்ள நம்ம பெயர் போயிருக்காது. இது பிராமணர் ஊர்ச் சபையோட விதி. வேளாளர் ஊர்களுக்கு 'ஊர்' என்ற அவையும், வணிகர்களுக்கு 'நகரம்' என்ற அவையும் தனியா இருந்தன. யாரும் ஓட்டுப் போடவும் இல்லை. அது குலுக்கல். அந்தக் கூட்டத்துல ராஜாவோட அதிகாரியும் கூட உட்கார்ந்திருந்தார் என்பதையும் கல்வெட்டே சொல்லுது. குடத்திலிருந்து ஓலை எடுக்கிற பழக்கம்கூட சோழருக்கு ரொம்ப முந்தினது. அகநானூற்றின் 77-ஆம் பாட்டுல அது உவமையா வருது.

அப்போ பெருமையே இல்லையான்னு கேட்காதீங்க. நிச்சயமா இருக்கு. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமர் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். சும்மா இல்லை. பதவிக்குக் கால அளவு, கணக்குக் காட்டாதவருக்குத் தடை, எல்லோர் முன்னிலையிலயும் தேர்வு... இதையெல்லாம் யோசிச்சு, எழுதி, ரெண்டு வருஷத்துல தப்பைத் திருத்தி, திருத்தினதையும் கல்லுல வெட்டினாங்களே, அது பெரிய விஷயம். அந்த நிஜமே போதும். அதுக்கு மேல மசாலா தடவ வேணாம். கல்லைத் தொட்டுப் பார்க்கிற தூரத்துல நின்னுக்கிட்டு நாமளே கதை கட்டினா, அதுக்குப் பெயர்தான் ரெண்டாவது வகைக் கான்ஃபேப்.

பார்லரும் பார்லிமென்ட்டும்

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வருவோம். அரட்டைக்கும் மாநாட்டுக்கும் ஒரே வார்த்தை எப்படி?

இந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை பாஸ். 'பார்லிமென்ட்' எங்கிருந்து வந்துச்சு? 'பார்லே' என்ற பிரெஞ்சு வார்த்தையிலிருந்து. பேசுறதுன்னு அர்த்தம். பியூட்டி பார்லர்ல வர்ற 'பார்லர்' அதோட கூடப் பிறந்தது. விருந்தாளி வந்தா உட்கார்ந்து பேசுற அறை. நாட்டுக்குச் சட்டம் போடுற இடமும், புருவம் திருத்துற இடமும் ஒரே வேர்ல முளைச்சது!

தமிழ்லயும் அப்படித்தான். மன்றம் என்பது ஊர் நடுவுல, மரத்தடியில, ஜனங்க கூடின இடம். இன்னிக்கு நீதிமன்றம், நாடாளுமன்றம், ரசிகர் மன்றம் எல்லாமே மன்றம்தான். பெரிய சபைகள் எல்லாம் திண்ணையிலிருந்து எழுந்து போனவைதான்.

அப்போ அரட்டை எப்போ சபையாகுது? உத்திரமேரூர் சுவர்ல பதில் இருக்கு. பேசுற விஷயத்துல வித்தியாசமே இல்லை. அங்கேயும் ஏரி, இங்கேயும் ஏரி. ஒண்ணு, பேசினது எல்லார் காதுலயும் விழணும். ரெண்டு, காசை எடுத்தவர் கணக்குச் சொல்லணும். மூணு, முடிவை எழுதி வைக்கணும், நாளைக்கு மாத்திப் பேச முடியாதபடிக்கு. இந்த மூணும் சேர்ந்தா டீக்கடைப் பேச்சு சபையாயிடும். இது இல்லைன்னா, ஏசி ஹால்ல மைக் வெச்சுப் பேசினாலும் அது அரட்டைதான்.

உங்க பேரு இருக்கு!

இதை ஹிஸ்டரின்னு நினைச்சுக் கொட்டாவி விடுறவங்களுக்கு ஒரு நியூஸ். 921-ல் உங்களை உள்ளேயே விட்டிருக்க மாட்டாங்க, வயசு பத்தாது. இன்னிக்கு?

73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று அமலுக்கு வந்தது. தொடர்ந்து 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதன்படி கிராம ஊராட்சியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருத்தரும் கிராம சபை உறுப்பினர். பதினெட்டு வயசு முடிஞ்சு பெயர் சேர்த்தாச்சா? நீங்களும் மெம்பர். நிலம் வேணாம், வேதம் வேணாம், ஆணா பெண்ணான்னு கேள்வி இல்லை. சாதி கேட்கவே கூடாது. 2016 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு தமிழக உள்ளாட்சிகள்ல பாதி இடம் பெண்களுக்கு. அந்த மண்டபம் யாரையெல்லாம் வெளியே நிறுத்துச்சோ, அவங்க எல்லாருக்கும் இப்போ நாற்காலி இருக்கு.

உத்திரமேரூர் இன்னிக்கு டவுன். அதனால கிராம சபை அந்த ஊருக்குள்ள கிடையாது, சுத்தியிருக்கிற கிராம ஊராட்சிகள்ல நடக்குது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாள் இருந்தது. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 என்று மேலும் ரெண்டு நாள் சேர்த்தாங்க. ஊர் ஜனத்தொகை 500 வரைன்னா 50 பேர், 3,000 வரைன்னா 100 பேர், 10,000 வரைன்னா 200 பேர், அதுக்கு மேலன்னா 300 பேர் வந்தாகணும். அங்கே வரவு செலவு வாசிப்பாங்க. கேள்வி கேட்கலாம். தீர்மானம் நோட்டுல ஏறும். அந்த நோட்டுதான் நம்ம காலத்துக் கல்வெட்டு.

ஆனா அதுல பழைய நாலு நாளும் நமக்கு என்ன? லீவு! ஆகஸ்ட் 15-ஐ ரிலீஸ் தேதியா ஞாபகம் வெச்சிருக்கோம். 'எங்க ஊர்ல ரோடு சரியில்லை மச்சி, தண்ணி சரியில்லை மச்சி' என்று ஹாஸ்டல்ல மணிக்கணக்குல பேசுவோம். அந்தப் பேச்சு அத்தனையும் டீ கிளாஸோட கழுவிப் போயிடுது. அதே பேச்சை வருஷத்துல ஒரு நாள், அஞ்சு நிமிஷம், எழுந்து நின்னு சொன்னா நோட்டுல ஏறும். ஒரு தடவையில ரோடு வந்துடாது. ஆனா 'யாரும் கேட்கலையே' என்று யாரும் சொல்ல முடியாது.

அதுக்காக அரட்டையை விட்டுடாதீங்க. அது இல்லாம சபையே இல்லை. கேன்டீன்ல பேசத் தெரியாதவன் மைக் முன்னாடியும் பேச மாட்டான். நல்லாப் பேசுங்க, சிரிச்சுப் பேசுங்க, கடலையும் போடுங்க. பேசினதுல ஒண்ணே ஒண்ணையாவது ஊர்ல கொண்டு போய் இறக்கிடுங்க.

போறது எப்படி?

காஞ்சிபுரம் அல்லது செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். ஒரே நாள்ல போய்த் திரும்பிடலாம். வைகுண்டப் பெருமாள் கோயில், சுந்தரவரதராஜப் பெருமாள் கோயில், கைலாசநாதர் கோயில், ஏரிக்கரை... நாலும் ஒரு ரவுண்டு. கல்வெட்டு மேல சாக்பீஸ் தேய்க்கிறது, பேர் எழுதுறது எல்லாம் வேணவே வேணாம். 1,100 வருஷமா அழியாம நிக்குது, நம்ம கையால அழிய வேணாம். எழுத்தை வாசிக்க முடியலையேன்னு வருத்தப்படாதீங்க. பத்தாம் நூற்றாண்டு எழுத்து அது, நடுவுல கிரந்தமும் கலந்திருக்கும். ஒவ்வொரு எழுத்தா உத்துப் பாருங்க, ஒண்ணு ரெண்டு நம்ம எழுத்து சாயல்ல சிக்கும். சிக்கினதும் பக்கத்துல நிக்கிறவர்கிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. அந்த ஊர் ரூல் அது!